64 வயதில் மறுபடியும் முதல் செடி! வால்நட் கிரீக்கின் வறண்ட தோட்டம்

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறிய பார்ட் ரயில், கடலுக்கு அடியில் போட்ட சுரங்கத்தில் புகுந்து, ஓக்லண்ட் நகரத்தைத் தாண்டி, பெர்க்லி மலைகளைக் குடைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. ஜூலை மாதமென்றால், அந்த மலைக்கு அப்பால் காற்றே வேறு. குளிருக்காக ஸ்வெட்டர் போட்டு வந்தவர்கள் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். கடல் பக்கம் மூடுபனி, இந்தப் பக்கம் சுள்ளென்று வெயில். குன்றுகளில் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும்.

அங்கே இருக்கிறது வால்நட் கிரீக். மே முதல் அக்டோபர் வரை மழை அநேகமாகக் கிடையாது. மழை வருவதெல்லாம் குளிர்காலத்தில்தான். அப்போது சில இரவுகளில் பனியும் உறையும். இப்படிப்பட்ட ஊரில்தான் ரூத் பான்க்ராஃப்ட் தோட்டம் இருக்கிறது. சுமார் மூன்று ஏக்கர். உள்ளே நுழைந்தால் பச்சைப் புல்வெளியைப் பார்க்க முடியாது. கல்லும் சரளையும், அவற்றுக்கு நடுவே கத்தி, வாள், ஈட்டி என்று விதவிதமாக நீட்டிக்கொண்டு நிற்கும் செடிகளும்தான்.

தாழையா, கற்றாழையா?

அந்தக் கூட்டத்தில் தனியாகத் தெரிவது யக்கா. முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு, தாழம்புதரையும் கற்றாழையையும் சேர்த்துச் செய்ததுபோலத் தோன்றும். நீண்ட குறுகலான இலைகள் நாலாபக்கமும் விறைத்து நிற்கும். நுனி ஊசி மாதிரி இருக்கும். சில வகைகள் தரையோடு புதராக இருக்கும். சில வகைகள் அடிமரம் விட்டு உயரும். அமெரிக்காவின் டெக்சாஸிலும் வட மெக்சிகோவிலும் காடாக வளரும் 'யக்கா ராஸ்ட்ராட்டா', ஓர் அடிமரத்தின் மேல் நீல நிறப் பந்தை உட்கார வைத்ததுபோல இருக்கும்.

இதில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. அமெரிக்கக் கடைகளில் 'யூக்கா' என்று எழுதிக் கிழங்கு விற்பார்கள். அது நம் மரவள்ளிக்கிழங்கு! ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் செடிக்கும் செடிக்கும் சம்பந்தமே கிடையாது. யக்காவுக்கு நமக்குத் தெரிந்த சொந்தம் வேண்டுமானால், தண்ணீர்விட்டான் கிழங்கைச் சொல்லலாம். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

வாதுமைத் தோப்பு போனது, தோட்டம் வந்தது

ரூத் 1908-ல் பிறந்தவர். பெர்க்லியில் வளர்ந்தார். கட்டடக்கலை படிக்கத் தொடங்கினார். 1929 பொருளாதார வீழ்ச்சியில் அந்தத் தொழிலுக்கு வாய்ப்பு இல்லாமல்போக, ஆசிரியர் பயிற்சிக்கு மாறி, பள்ளியில் வீட்டு நிர்வாகப் பாடம் நடத்தினார். பிறகு பிலிப் பான்க்ராஃப்ட்டைத் திருமணம் செய்துகொண்டு வால்நட் கிரீக்குக்கு வந்தார். கலிஃபோர்னியாவின் வரலாற்றை எழுதிய ஹியூபர்ட் ஹோவ் பான்க்ராஃப்ட் வாங்கிய பண்ணை அது. பேரிக்காயும், வால்நட் எனும் அக்ரூட் வாதுமையும் விளைந்த பெரிய நிலம்.

1950-களில் ரூத்துக்குச் சதைப்பற்றுள்ள செடிகளின் மேல் ஆசை வந்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு நூறாகி, வீட்டைச் சுற்றி வைக்க இடமில்லாத அளவுக்குத் தொட்டிகள் பெருகிவிட்டன. இதற்குள் ஊர் வளர்ந்து, பண்ணை நிலம் வீட்டுமனைகளாகிக்கொண்டிருந்தது. 1971-ல் கடைசி வாதுமைத் தோப்பையும் வெட்டினார்கள். காலியான அந்த இடத்தை, தொட்டிகளைத் தரையில் இறக்கிக்கொள்ளச் சொல்லி மனைவிக்குக் கொடுத்தார் பிலிப்.

லெஸ்டர் ஹாக்கின்ஸ் என்ற தோட்டக்கலைஞர் பாத்திகளுக்கும் பாதைகளுக்கும் வரைபடம் போட்டார். 1972-ல் நடவு தொடங்கியது. பெரிய செடிகளை விலைக்கு வாங்கி நிறுத்தவில்லை. தன்னிடமிருந்த சின்னச் சின்னத் தொட்டிச் செடிகளைத்தான் ரூத் நட்டார். அப்போது அவருக்கு 60-ஐத் தாண்டி வயது. நட்டவற்றில் பல, முழு உருவம் எடுக்கவே இருபது, முப்பது ஆண்டுகள் பிடிக்கும்.

ஒரு டிசம்பர்

அந்த ஆண்டு டிசம்பரில் வட கலிஃபோர்னியாவைக் கடும் உறைபனி தாக்கியது. பெர்க்லி, ஓக்லண்ட் மலைகளில் தைல மரங்களே கூட்டம் கூட்டமாகக் கருகின. ரூத்தின் புதுத் தோட்டத்தில் நட்டவை அநேகமாக எல்லாமே போயின. சதைப்பற்றுள்ள இலைக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அது உறைந்தால் உள்ளறைகள் உடையும். காலையில் வெயில் பட்டதும் இலை கொழகொழவென்று தொங்கிவிடும்.

'இந்த வயதில் இது நமக்கு எதற்கு' என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டே ரூத் மறுபடியும் நடத் தொடங்கினார். எந்தச் செடி எந்தக் குளிரைத் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று விடாமல் குறித்து வைத்தார். குளிர் தாங்காத செடிகளுக்குக் குளிர்காலத்தில் சட்டம் கட்டி, பிளாஸ்டிக் போர்வை போட்டார்கள். அந்த வழக்கம் அங்கே தொடர்ந்துவருகிறது.

போர்வை கேட்காத செடிகளில் ஒன்றுதான் யக்கா.

குளிரைவிட ஈரம்தான் எமன்

கற்றாழை மடலை ஒடித்தால் ஜெல் வழியும். யக்கா இலையை அப்படி ஒடிக்க முடியாது. நார் நாராகத்தான் கிழியும். உள்ளே தண்ணீர் குறைவு, நார் அதிகம். உறைபனி வந்தாலும் பல வகைகளுக்குப் பெரிய சேதம் இருக்காது. 'யக்கா கிளாகா' என்ற வகை அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளிலிருந்து கனடாவின் ஆல்பர்ட்டா வரை தானாகவே வளர்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி குளிரையும் அது தாங்கும்.

ஆனால் அதே யக்காவைக் குளிர்காலத்தில் ஈரக் களிமண்ணில் நிற்க வைத்தால், வேர் அழுகிச் செத்துவிடும். வால்நட் கிரீக்கில் குளிரும் மழையும் ஒன்றாக வருகின்றன என்பதால், இதுதான் அங்கே பெரிய ஆபத்து. அதனால்தான் அந்தத் தோட்டத்தில் பாத்திகள் மேடுமேடாக இருக்கின்றன. விழுந்த மழை வழிந்தோடிவிடும். வேரைச் சுற்றி ஈரம் தங்காது.

யக்கா வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் மற்ற விதிகளும் எளிமையானவை. நாள் முழுக்க வெயில் படும் இடம் வேண்டும். மண்ணோடு சரளைக் கல் நிறையக் கலக்க வேண்டும். நட்ட முதல் ஓரிரு கோடைகளில் மட்டும் அவ்வப்போது ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். வேர் பிடித்த பிறகு, மழையே பெரும்பாலும் போதும். உரம் கொட்ட வேண்டியதில்லை. அடியில் முளைக்கும் பக்கக் கன்றைப் பிரித்து நட்டாலே புதுச் செடி கிடைத்துவிடும். நடைபாதையை ஒட்டி மட்டும் நடக் கூடாது. இலை நுனி குழந்தைகளின் கண் உயரத்தில் இருக்கும்!

ஒரு பூ, ஒரு பூச்சி

வசந்தத்தின் கடைசியிலும் கோடையிலும் யக்கா பூக்கும். இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பி, வெள்ளை மணிகளைக் கோத்ததுபோலப் பூக்கள் தொங்கும். எல் சால்வடார் நாட்டின் தேசிய மலரே ஒரு வகை யக்காதான். அங்கே அந்தப் பூவை முட்டையோடு சேர்த்துப் பொரியல்போலச் செய்து சாப்பிடுகிறார்கள்.

இந்தப் பூவுக்கு உயிர்த்தோழன் ஒரு சின்ன அந்துப்பூச்சி. பெண் பூச்சி மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கி, தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு வேறொரு பூவுக்குப் பறக்கும். அங்கே சூலகத்தில் முட்டையிட்டுவிட்டு, மேலே ஏறி மகரந்தத்தைச் சூல்முடியில் வைத்து அழுத்தும். பொரிந்து வரும் புழுக்கள் கொஞ்சம் விதைகளைத் தின்னும். மிச்ச விதைகள் செடிக்கு. 1872-ல் ஜார்ஜ் எங்கல்மன் என்ற தாவரவியலாளர் இந்த உறவைக் கவனித்தார். அந்தப் பூச்சி இல்லாத நாடுகளில் யக்கா பூக்கும். மனிதர் கையால் மகரந்தம் வைத்தாலொழிய விதை பிடிப்பது அரிது.

அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு இது வீட்டுப் பொருளாகவும் இருந்தது. இலை நாரில் கயிறும் செருப்பும் செய்தார்கள். வேரை இடித்துத் தண்ணீரில் கலக்கினால் நுரை வரும். நம் ஊர்ச் சீயக்காய்போல அதில் தலை அலசினார்கள்.

பார்க்க வந்தவர் செய்த காரியம்

1980-களின் இறுதியில் ஃபிராங்க் கேபட் என்ற தோட்ட ஆர்வலர் இங்கே வந்தார். ரூத்துக்குப் பிறகு இந்தத் தோட்டம் என்ன ஆகும் என்ற கேள்வி அவரை விடவில்லை. தனியார் வளர்த்த சிறந்த தோட்டங்களைக் காப்பாற்ற, 1989-ல் 'கார்டன் கன்சர்வன்சி' என்ற அமைப்பைத் தொடங்கினார். அது கையிலெடுத்த முதல் தோட்டம் ரூத்தினுடையது. 1990-களின் தொடக்கத்தில் பொதுமக்களுக்காகக் கதவு திறந்தது.

2015-ல் கலிஃபோர்னியா கடும் வறட்சியில் தவித்தது. நகரங்களில் தண்ணீர்ச் செலவை 25 சதவிகிதம் குறைக்க ஆளுநர் உத்தரவிட்டார். பலர் வீட்டு முன்னால் இருந்த புல்தரையைப் பெயர்த்தார்கள். பதிலுக்கு என்ன நடுவது என்று தேடியவர்களுக்கு, 40 ஆண்டுகளாக வளர்ந்து நின்ற பதில் இந்தத் தோட்டத்தில் இருந்தது.

ரூத் 2017-ல் தன் 109-வது வயதில் காலமானார். குட்டித் தொட்டியிலிருந்து இறக்கி நட்ட செடிகள் ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்ததை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பிள்ளைகளைப் பார்க்க வளைகுடாப் பகுதிக்குப் போகும் பெற்றோர், அரை நாளில் சுற்றி வந்துவிடலாம். பூக்களைப் பார்க்க வசந்த காலத்தில் போவது நல்லது. கோடையென்றால் காலையிலேயே போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். குழந்தைகள் கூட இருந்தால், பாதை நெடுக அவர்கள் கையை விட வேண்டாம்.