அழகிப் போட்டி மேடையும் நம் வீட்டுக் கூடமும்

 

நாம் பாடம் நடத்தும் மாலை நேர மத்ரஸாவில், பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருவர் அண்மையில் ஒரு வினா எழுப்பினார். "ஹஜ்ரத், ஹிஜாப் அணிந்துகொண்டே அழகிப் போட்டியில் கலந்துகொண்டால் அது தவறா?"

ஒரே சொல்லில் விடையளித்து அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடலாம். ஆனால் அத்தகைய விடைக்குப் பின் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, கைப்பேசியிடம் கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். ஆகவே நிதானமாகச் சிந்திப்போம்.

இப்போட்டிகளில் கலந்துகொள்ளும் பெண்களைப் பற்றி நம்மிடையே நிலவும் முதல் தவறான எண்ணம், அவர்கள் அனைவரும் அறிவற்றவர்கள், நாணமற்றவர்கள் என்பதாகும். உண்மை அவ்வாறன்று. 1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில், கோடை முடிந்த பின்னும் சுற்றுலாப் பயணிகளைத் தக்கவைக்கும் வணிக உத்தியாகவே 'மிஸ் அமெரிக்கா' போட்டி தோன்றியது. எனினும் 1945 முதல் அது கல்வி உதவித்தொகையும் வழங்கி வருகிறது. 2018இல் நீச்சலுடைச் சுற்றையே கைவிட்டது. மேடையில் அச்சமின்றிப் பேசுதல், வினாவிற்கு உடனே விடையளித்தல், தோல்வியைத் தாங்குதல் ஆகியவற்றை அங்கே பல பெண்கள் கற்றுக்கொள்கின்றனர். இப்பயன்களை மறுப்பது நேர்மையாகாது.

இரண்டாவது தவறான எண்ணம், உடலை மறைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது. மாணவியின் வினா இங்கேதான் நிற்கிறது. கென்யாவின் ககுமா அகதி முகாமில் பிறந்த சோமாலியச் சகோதரி ஹலீமா ஏடன், 2016இல் 'மிஸ் மினசோட்டா யுஎஸ்ஏ' போட்டியில் ஹிஜாபுடனும், நீச்சலுடைச் சுற்றில் முழு உடலையும் மறைக்கும் புர்கினியுடனும் பங்கேற்று அரையிறுதிவரை சென்றார். அதன்பின் உலகப் புகழ் பெற்ற விளம்பர அழகியானார். ஹிஜாப் அணியும் சிறுமியர் பலருக்குத் தம்மைப் போன்ற ஒருவரைப் பத்திரிகை அட்டையில் காணும் மகிழ்ச்சி கிடைத்தது. ஆயினும் 2020 நவம்பரில் அவர் அத்தொழிலைக் கைவிட்டார். படப்பிடிப்புகளுக்கிடையே தொழுகைகள் தவறியதையும், ஹிஜாபிற்குப் பதிலாகத் தலையில் ஜீன்ஸ் துணி சுற்றப்பட்டதையும் அவரே வருத்தத்துடன் வெளியிட்டார். தொழிலை விட்டுவிடும்படி அவருடைய தாயார் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் ஒரே நாளில் எதையும் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு முறையும் சிறிதளவே விட்டுக்கொடுத்தார். அந்த மேடையின் இயல்பு அது. ஆடை எதுவாயினும், காண்பவர் மதிப்பெண் இடுகிறார். நிற்பவர் அம்மதிப்பெண்ணுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கிறார். இந்தோனேசியாவில் முஸ்லிம் பெண்களுக்கென்றே 'உலக முஸ்லிமா' என்னும் போட்டி நடத்தப்பட்டது. குர்ஆன் ஓதுதலும் அதில் தகுதியாகக் கொள்ளப்பட்டது. நோக்கம் நல்லதாக இருந்திருக்கலாம். ஆனால் இறைவனுக்காக ஓதப்படும் வேதத்தையும் நடுவருக்கான ஒரு சுற்றாக்க வேண்டுமா என்னும் ஐயம் நமக்கு எழுகிறது.

மூன்றாவது எண்ணம், மார்க்கம் அழகையே வெறுக்கிறது என்பது. நல்ல ஆடையையும் நல்ல காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. அல்லாஹ்வும் அழகை நேசிப்பவன் என்றே விளக்கினார்கள். பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதும் என்று தெளிவுபடுத்தினார்கள்.

மக்களை இழிவாகக் கருதுதல் என்னும் இவ்வளவுகோலைக் கையில் எடுத்தால், அது தொலைக்காட்சி மேடையை மட்டும் அளப்பதில்லை. நம் வீட்டுக் கூடத்தையும் அளக்கிறது.

பெண் பார்க்க எட்டுப் பேர் வருகின்றனர். தேநீர்த் தட்டுடன் வரும் பிள்ளையை நடக்கச் சொல்கின்றனர். கூந்தலின் நீளத்தைப் பார்க்கின்றனர். "பிள்ளை நல்ல பிள்ளைதான், நிறம்தான் கொஞ்சம் கம்மி" என்று வாசலிலேயே தீர்ப்பளித்துச் செல்கின்றனர். நம் சமுதாய இதழ்களின் மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்னும் நிபந்தனை இன்றும் இடம்பெறுகிறது. மணமுடிக்க நாடுபவர் பெண்ணைப் பார்த்துக்கொள்ள மார்க்கம் அனுமதித்துள்ளது. ஆனால் ஊரார் கூடி மதிப்பெண் இடுவது அந்த அனுமதியில் அடங்காது. அழகிப் போட்டியில் பங்கேற்பவராவது தாமே விரும்பி விண்ணப்பிக்கிறார். நம் கூடத்தில் நிற்கும் பெண்ணிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை. தோற்றவருக்கு அங்கே கைத்தட்டலும் இல்லை.

ஸாஹிர் என்னும் நாட்டுப்புறத் தோழர் அழகிய தோற்றமுடையவரல்லர். கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் அவரைப் பின்புறமாக அணைத்து, இவரை வாங்குவோர் உண்டா என்று வேடிக்கையாகக் கேட்டார்கள். தாம் விலைபோகாத சரக்கு என்று அவர் கூறியபோது, அல்லாஹ்விடம் நீர் மதிப்புமிக்கவர் என்று கூறி அவர் உள்ளத்தைக் குளிர்வித்தார்கள். தம்மைத் தாமே மலிவாக எண்ணும் பிள்ளைக்கு நம் வீட்டில் இச்சொல்லை யார் கூறுகின்றனர்?

மேடை தரும் பயன்களை நம் பிள்ளைகளுக்கு நாமே வழங்க இயலும். மீலாது விழாவிலும் மத்ரஸா ஆண்டு விழாவிலும் பெண்பிள்ளைகளுக்கெனத் தனி அவையில் பேச்சுப் போட்டியும் வினாடி வினாவும் நடத்தலாம். ஜமாஅத்தின் கல்வி உதவித்தொகையை அவர்களுக்கும் சமமாக ஒதுக்கலாம். வீட்டில் மகளின் கருத்தைக் கேட்டு, அவள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கலாம்.

மாணவிக்கு நாம் அளித்த விடை இதுவே: "அந்த மேடை உனக்கு வேண்டாம், மகளே. உன்னை அளக்கும் தகுதி அங்கிருக்கும் நடுவர்களுக்கு இல்லை. உன்னைப் பெண் பார்க்க வருவோருக்கும் இல்லை."

மகனுக்குப் பெண் தேடும் தாய்மார்களே! இந்த ஆண்டு நீங்கள் ஏறவிருக்கும் வாசற்படிகளில், நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் இறங்கி வருவதாக உறுதி கொள்ளுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக, ஆமீன்.