கனகசெட்டிக்குளத்துக் கரையில்

புதுவையினின்று வடக்கே காலாப்பட்டைக் கடந்து கனகசெட்டிக்குளக் கடற்கரையை அடைந்தேன். முற்காலத்தில் சோழமண்டலக் கரையில் ஓடிய சலங்குப் படகுக்கு ஆணி கிடையாது. பலகை விளிம்புகளில் துரப்பணத்தால் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைப்பர். அலையறைந்தால் வளைந்துகொடுக்கும், எளிதில் பிளவாது. இன்றோ கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி.

மணலில் ஒரு சிறுவன் பலகையொன்றை முழங்காலில் கிடத்தித் துளைத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பகீரென்றது. பள்ளிப் பட்டறையில் இவ்வாறே துளைத்த என் தோழனின் தொடையில் துரப்பண முனை இறங்கியது. பலகையை வைசில் இறுக்கவும், அடியில் கழிவுப்பலகை வைக்கவும், முனை வெளிப்படும் தருவாயில் கையழுத்தத்தைத் தளர்த்தவும் எங்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. கற்பிக்க எவ்வளவு நேரமாகும்? ஐந்து நிமிடம்!

"தம்பி, நிறுத்து" என்று விவரத்தைச் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தவன், பலகையைக் கட்டுமரத்தோடு கயிற்றால் இறுகக் கட்டிவிட்டு மீண்டும் துளைக்கலானான்.