நெருப்புக்குத் தப்பிய மேசைகள்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில், ஸ்னோ ஹில் நிலையத்தில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ஜுவல்லரி குவார்ட்டர். உட்கார்ந்து நிமிர்வதற்குள் ஊர் வந்துவிடும். இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நகை செய்யும் பேட்டை இது. செங்கல் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. கீழே கடை, பின்னால் பட்டறை.

வைஸ் தெருவில் 'ஸ்மித் அண்டு பெப்பர்' என்ற குடும்ப நிறுவனம் 1899-ல் தொடங்கியது. தங்க வளையல், லாக்கெட், சிலுவை எல்லாம் செய்தார்கள். பாம்பு வடிவ நகைகளுக்கு இவர்களுக்குத் தனிப் பெயர் உண்டு. 1981-ல் அதை நடத்திக்கொண்டிருந்தவர்கள் எரிக், டாம், ஆலிவ் என்ற உடன்பிறப்புகள் மூவர். வயதாகிவிட்டது. தொழிலை வாங்கவும் ஆள் வரவில்லை. ஒருநாள் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். டீக் கோப்பை, ஜாம் பாட்டில், கொக்கியில் தொங்கிய மேலங்கி எல்லாம் போட்டது போட்டபடியே கிடந்தன. 1992 முதல் அது அருங்காட்சியகம்.

உள்ளே போகிறவர்கள் முதலில் அந்த ஜாம் பாட்டிலைத்தான் தேடுகிறார்கள். ஆனால், நின்று பார்க்கவேண்டியது மேசைகளை.

பெரிய ஜன்னல்களை ஒட்டி நீளமான மர மேசைகள். விளிம்பில் வரிசையாக அரைவட்டமாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு வெட்டுக்கு ஓர் ஆள். கீழே மடி போலத் தொங்குகிறது ஒரு தோல். அரத்தால் ராவும்போது உதிரும் தங்கத்தூள் தரையில் விழாமல் அதில் விழும். அரைவட்டத்தின் நடுவே ஆப்பு போல ஒரு சின்ன மரத்துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ராவுவதும் அறுப்பதும் அதன்மேல்தான். அரம் தின்று தின்று அது பள்ளமும் மேடுமாகிவிடும். தேய்ந்ததும் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகுவார்கள். தேய்மானமெல்லாம் அந்தத் துண்டுக்கு. மேசைப் பலகை அப்படியே இருக்கும்.

நெருப்புக்கும் இதே ஏற்பாடுதான். ஒவ்வோர் ஆளுக்கும் எரிவாயுச் சுடர் உண்டு. வாயில் ஊதுகுழலை வைத்து ஊதி, அந்தச் சுடரை நகைமேல் திருப்புவார்கள். நம்மூர்ப் பத்தர்கள் செய்வதும் இதுதான். பேச்சில் 'பொடி வைத்து ஊதுவது' என்கிறோமே, அது அவர்கள் பட்டறையிலிருந்து வந்தது. பற்றாசைத்தான் அவர்கள் பொடி என்பார்கள். பற்றாசு உருக 700 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். மரமோ 300 டிகிரிக்குப் பக்கத்திலேயே பற்றத் தயாராகிவிடும். நாள் முழுக்க இந்த இரண்டும் ஒரு சாண் தூரத்தில்.

அதனால் நகையை நேராக மேசைமேல் வைப்பதில்லை. நடுவில் ஒரு கரிக்கட்டி. நெருப்பைத் தாங்க, ஏற்கெனவே நெருப்பைத் தின்ற மரம்! கரி சூட்டை நகைப் பக்கமே திருப்பும், தான் மெல்ல மெல்லப் பொடியும். அதுவும் தீர்ந்தால் வேறு கட்டி.

மேசைக்குப் பளபளவென்று வார்னிஷ் அடித்திருந்தால்? தீப்பொறி பட்ட இடத்தில் முதலில் கருகுவது அதுதான். ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் மரம் தேயாமல் உழைக்கும். ஆனால், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வீட்டில் மேசை செய்பவர்கள் அந்தத் துணியை விரித்துக் காயப்போடுவது நல்லது.

மரத்தையே தீ எதிர்க்கும்படி செய்யும் வழியும் உண்டு. அதற்கான பொருள் பத்தரின் கையிலேயே இருக்கிறது: வெங்காரம். பற்றவைக்கும்போது உலோகம் கறுக்காமல் பார்த்துக்கொள்ளும் அதே உப்பை, போரிக் அமிலத்தோடு தண்ணீரில் கரைத்து மரத்தில் ஊறவிடுவார்கள். சூடு பட்டால் அது கண்ணாடிப் படலம்போல மூடும். மரமும் சுடர்விடாமல் கரியாகும். எரியவே எரியாது என்றில்லை, தாமதமாகும். மேலே ஒருமுறை தடவினால் போதாது, உள்ளே இறங்கவேண்டும். ஈரம் பட்டால் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் வெளி வாசலுக்கு ஆகாது. உள்பட்டறைக்குச் சரி.

இவ்வளவு காத்தும் மேசைக்குள் ஒன்று புகுந்துவிடும். தங்கம். தோல்மடிக்குத் தப்பிய தூள் பலகையின் வெடிப்பிலும் தரையின் இடுக்கிலும் போய்ச் சேரும். ஒரு பொட்டுகூட வீணாகக்கூடாது என்று கை கழுவிய தண்ணீரை வடிகட்டினார்கள், குப்பையை எரித்துச் சாம்பலைச் சலித்தார்கள், பழைய மேலங்கிகளையும் எரித்தார்கள். பட்டறையைக் காலிசெய்யும்போது தரைப் பலகைகளைப் பெயர்த்து எரித்துத் தங்கம் எடுப்பதும் இந்தத் தொழிலில் வழக்கம். காலமெல்லாம் தீயிலிருந்து காப்பாற்றிய மரத்தைக் கடைசியில் தீயிலேயே போடுவது!

ஸ்மித் குடும்பத்து மூவரும் எதையும் பெயர்க்கவில்லை. பூட்டிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். வைஸ் தெருவில் அந்த மேசைகள் இன்னும் ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கின்றன, தோல்மடியோடு.