பந்தயத்துக்கு முந்தின ராத்திரி

திருக்கடையூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அறுபதாம் கல்யாணம்தான் ஞாபகம் வரும். அறுபது, எழுபது, எண்பது என்று வயதுக்கொரு சாந்தி செய்துகொள்ளத் தம்பதிகள் வருடம் முழுக்க வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் தை மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஊர் வேறு முகம் காட்டும். காணும் பொங்கலன்று இங்கே நடக்கும் எல்கைப் பந்தயத்தை உள்ளூர் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் படிப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்: மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓர் எல்லை வரை ஓடித் திரும்ப வேண்டும். மாட்டிலும் குதிரையிலும் சிறியது, பெரியது என்று தரம் பிரித்து ஓடவிடுவார்கள். சாலையின் இரண்டு பக்கமும் தலைகளாகத் தெரியும்.

பந்தயத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் எழுத வந்தது அதற்கு முந்தின ராத்திரியைப் பற்றி. மாட்டுப் பொங்கல் ராத்திரி.

தூரத்திலிருந்து வருபவர்கள் பந்தயத்தன்று காலையில் வந்து இறங்க முடியாது. வண்டியில் நின்றபடி பல மணி நேரம் வந்த மாட்டுக்குக் கால் மரத்திருக்கும். அதனால் முந்தின நாளே வந்து, தோப்பிலோ காலி மனையிலோ கட்டிவிட்டு, அங்கேயே படுத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு, வசதி இருந்தால் ஒரு பெட்ரோமாக்ஸ். பெட்ரோமாக்ஸ் 'உஸ்' என்று சீறும், அவ்வளவுதான். இப்போது கையில் தூக்கி வருகிற ஜெனரேட்டர் வந்துவிட்டது. கயிற்றை இழுத்தால் போதும், தோப்பே பகலாகிவிடும். கூடவே அந்தப் 'படபட' சத்தமும் வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவிக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்து ஆறாவது நாள். மருந்தைவிடத் தூக்கம் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கண்ணயர்ந்தது பத்தரை மணிக்கு. பதினொன்றுக்கு எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கையைப் பிடித்துப் பார்த்தேன், நாடி குதித்தது.

டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஏழெட்டுப் பையன்கள், தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர், இரண்டு ஜோடி மாடு. ஜெனரேட்டர் என் மதிலோடு ஒட்டி நின்றது. பேச்சை வைத்து சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள் என்று தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். ஒரு பையன், "இருட்டுல மாட்ட விட்டுட்டுத் தூங்க முடியாதுங்கய்யா. ஒரு நாள்தானே, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டை அடகு வைத்து மாடு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

"தம்பி, உங்களுக்கு ஒரு நாள். உள்ளே இருப்பவளுக்கு இது ஆறாவது நாள்" என்றேன்.

பெரியவர் அதுவரை பேசவில்லை. என்னைப் பார்க்காமல் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டா, வந்து மூணு மணி நேரமாச்சு, இதுக ஒண்ணும் படுக்கலையே, அசை போடலையே" என்றார். அப்புறம்தான் நானும் கவனித்தேன். நான்கு மாடுகளும் காதை விறைத்துக்கொண்டு நின்றபடியே இருந்தன. பெரியவர் ஒரு சத்தம் போட்டார். இரண்டு பையன்கள் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு, ஒயரை நீட்டி, தோப்பின் அந்தக் கோடியில் வாய்க்காலைத் தாண்டி வைத்தார்கள். அரை மணி நேரத்தில் மாடுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பன்னிரண்டரைக்கு ஜெனரேட்டரையே நிறுத்திவிட்டு, முறை போட்டு டார்ச்சோடு காவல் இருந்தார்கள். காலையில் பெரியவர் மதிலோரம் வந்து, "ஆச்சி தூங்குனாங்களா?" என்று கேட்டார். மனைவி கரும்பும் காப்பியும் கொடுத்தனுப்பச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன், விதி என்ன சொல்கிறது என்று பார்க்காமல் கை சும்மா இருக்காது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்கே இரவில் 40. கல்யாண மண்டபங்களில் பெட்டிக்குள் வைத்து மூடிய டீசல் ஜெனரேட்டர் பார்த்திருப்பீர்கள். 2005 முதல் தயாரான அந்த வகைக்கு, பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு இருக்கிறது.

இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 75 என்றால் 2 மீட்டரில் 69, 4 மீட்டரில் 63, 8 மீட்டரில் 57, 16 மீட்டரில் 51, 32 மீட்டரில் 45. அதாவது நன்றாக மூடிய இயந்திரத்தையே சுமார் 100 அடி தள்ளி வைத்தால்தான் இரவு வரம்புக்குள் வருகிறது. மூடாத சின்ன ஜெனரேட்டரை அதைவிடத் தள்ளி வைக்க வேண்டும். மதிலை ஒட்டி வைத்தாலோ சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஓர் ஒயர்ச் சுருள் கூடுதலாகக் கொண்டுவந்தால் தீருகிற பிரச்சினை இது.

இன்னொன்றும் தெரிந்தது. பழைய வகைச் சின்ன ஜெனரேட்டர், நம் மின்சாரத்தின் 50 சைக்கிளைக் கொடுக்க நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடியாக வேண்டும். பத்து விளக்குப் போட்டாலும் 3000, ஒரு போனுக்கு சார்ஜ் ஏற்றினாலும் அதே 3000. இன்வெர்ட்டர் வகை என்று இப்போது வருவது, தேவைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தமும் குறைவு, பெட்ரோலும் குறைவு. விலைதான் அதிகம்.

மாட்டு விஷயத்திலும் பெரியவர் சொன்னது சரிதான். மனிதக் காது கேட்பது விநாடிக்கு சுமார் 20,000 அதிர்வு வரை. மாட்டுக்கும் குதிரைக்கும் 30,000க்கு மேலும் கேட்கும். நமக்கு எட்டாத கீச்சொலிகூட அவற்றின் காதில் விழும். விடிந்தால் ஓட வேண்டிய மாட்டை ராத்திரி முழுக்க அந்த இரைச்சலில் நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் பருத்திக்கொட்டை வைத்து என்ன பயன்?

நான் காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தை எங்களுக்கு நெட்டுருப் போட வைத்தார்கள். அதன் நான்காவது பிரிவு, பிறருக்குத் தீங்கு இல்லாத எதையும் செய்ய முடிவதே சுதந்திரம் என்கிறது. இரவில் அடுத்தவர் தூக்கத்தைக் கெடுப்பதற்கு பிரெஞ்சுக்காரர்கள் 'தபாழ் நொக்த்தூர்ன்' என்று தனிப் பெயரே வைத்து, தண்டனைச் சட்டத்திலும் சேர்த்திருக்கிறார்கள்.

காரைக்கால் குடும்பங்களில் பிரான்சில் ஓர் உறவாவது இல்லாத வீடு குறைவு. என் தங்கை மகன் அங்கே இருக்கிறான். லெ மான் என்ற ஊரில் 1923 முதல் நடந்துவரும் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்துக்குக் கூடாரத்தோடு போய்விடுவான். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ஞாயிறு சாயங்காலம் வரை, பதின்மூன்றரைக் கிலோமீட்டர் சுற்றுப் பாதையில் கார்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்க வருபவர்கள் லட்சக்கணக்கில், பாதையைச் சுற்றிக் கூடார ஊரே முளைத்துவிடும். "ராத்திரி பூரா கார் அலறும்போது, ஜெனரேட்டர் சத்தம் ஒரு சத்தமாடா?" என்று கேட்டேன். "மாமா, கார் சத்தத்துக்குக் காசு கொடுத்து வந்திருக்கேன். பக்கத்துக் கூடாரத்து ஜெனரேட்டருக்குக் கொடுக்கலையே" என்றான். எவ்வளவு சரியான பேச்சு! பந்தயத்துக்கு வருகிற கூட்டத்தின் ஆரவாரத்தை எங்கள் ஊரில் யாரும் குறை சொல்வதில்லை. அது அன்றைய பகலுக்கு உரியது. ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் பயனில்லாமல் எரியும் விளக்கும், அதற்காக உறுமும் இயந்திரமும் அப்படி அல்ல.

ஜெனரேட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு, நமக்குத் தெற்கே எத்தனை கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன! வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கிடைத்தால் தொட்டியில் தண்ணீர் ஏறும், போன் உயிர் பெறும். அந்த நாட்களில் அதன் சத்தம் காதுக்கு நாகசுரமாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் தோப்பில் தங்க வருகிற தம்பிகளுக்கு, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

இயந்திரத்தை இறக்குமுன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நோயாளி இருக்கிறாரா, கைக்குழந்தை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வைத்தால் பாதிச் சத்தம் அங்கேயே குறைந்துவிடும். மதிலோரம் வேண்டாம், வெட்டவெளியில் தள்ளி வையுங்கள். புகைக்குழாய் ஆட்களையும் மாடுகளையும் பார்த்து இருக்க வேண்டாம். தகரத்தின் மேல் வைத்தால் அதிர்வு இரட்டிக்கும், ஒரு பழைய ரப்பர் விரிப்புப் போதும். பனிக்குப் பயந்து தார்ப்பாய்க்குள்ளோ, ஆள் படுத்திருக்கும் வண்டிக்குள்ளோ வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். வைக்கோல் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள். காவலுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரி இருக்கிறது. 10 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, பத்து மணி நேரம் எரிந்தால் 400 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1200 இருக்கிறது. விடிந்த பிறகும் பாதிக்கு மேல் மிச்சம்.

உள்ளூர்க்காரர்களான நமக்கும் ஒரு கடமை உண்டு. வருகிறவர்கள் நம் ஊர்ப் பந்தயத்துக்குத்தான் வருகிறார்கள், நமக்கு விருந்தாளிகள். நான்கு பேர் சேர்ந்து மின்வாரியத்தில் முறைப்படி தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்தால், மாடு கட்டும் தோப்புக்கு இரண்டு விளக்குப் போடலாம். ஆளுக்கு ஐந்து ஜெனரேட்டர் எதற்கு? கம்பத்தில் கொக்கி போடுகிற யோசனையை மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அது குற்றம், உயிருக்கும் ஆபத்து.

நம் ஊர்க் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தை அமாவாசையன்று அபிராமி பட்டருக்காக அம்பாள் முழுநிலவைக் காட்டினாள் என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். அவ்வளவு வெளிச்சம் வந்தும் அன்று யாருடைய தூக்கமும் கெட்டதாகக் கதையில் இல்லை.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தோப்பு வைத்திருப்பவர்கள், காலி மனை வைத்திருப்பவர்கள், இடம் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: நீளமாக ஓர் ஒயர், ஒரு பேட்டரி, பத்து மணி. மண்ணெண்ணெய் வாசனையும் மாட்டுச் சலங்கையுமாக இருக்கிற அந்த ராத்திரியை நானும் ரசிக்கிறவன்தான். சலங்கைச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.