வியாசர்பாடி டிப்போவில் ஓர் இரவு

சென்னை வியாசர்பாடி டிப்போவில் பார்ப்பவர் கண் முதலில் பஸ்மீதுதான் போகும். 2025 ஜூன் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 120 மின்பேருந்துகளின் வீடு இது. மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்காக உலக வங்கி உதவியுடன் திட்டமிட்ட 625 பேருந்துகளில் முதல் தவணை. நான் போனதோ, கம்பிவேலிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்க.

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். 12 மீட்டர் பஸ் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும், ஏ.சி.யும் நெரிசலும் சேர்ந்தால் இன்னும் கூடும். நாளுக்கு 200 கி.மீ. என்றால் 120 பஸ்ஸுக்கு 24,000 யூனிட். ஆறு மணி நேரத்தில் ஏற்றி முடிக்க 4 மெகாவாட் வேண்டும். டீசல் தீர்ந்தால் டேங்கர் லாரியை வரச்சொல்லலாம். மின்சாரத்துக்கோ உயர் அழுத்த லைன், கேபிள் போகும் பள்ளம், துணை மின்நிலையத்தில் இடம் எல்லாம் பஸ் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

"எல்லா வண்டியும் ஒண்ணா வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று சார்ஜர் அருகே நின்ற ஊழியரைக் கேட்டேன்.

"காலையில எது முதல்ல கிளம்புதோ அதுக்குத்தான் சார் முதல்ல சார்ஜிங் கன் மாட்டுவோம்."

இந்த வரிசை ஒழுங்கில்தான் பணமும் மிச்சமாகிறது. அத்தனை பஸ்ஸுக்கும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற்றினால் டிரான்ஸ்ஃபார்மரும் பெரிதாக வேண்டும், பில்லும் பெரிதாக வரும்.

மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கும் வட்டாரம் இது. சார்ஜர் பெட்டிகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று கண் தானாக அளந்தது.

எனக்குள்ள குறை வேறு. தமிழ்நாட்டில் சூரிய மின்நிலையங்களின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் பஸ் சும்மா நிற்பது இரவில். காற்றாலைகள் சுழலும் மாதங்கள் போக, மற்ற இரவுகளில் இந்த பேட்டரிகளை நிரப்புவதில் நிலக்கரிக்குப் பெரிய பங்கு உண்டு. புகை நம் தெருவை விட்டு, அனல்மின் நிலையம் இருக்கும் அத்திப்பட்டுப் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆகவே, கூட்டம் குறையும் நண்பகலில் பஸ் நிலையங்களிலேயே அரை மணி நேரம் சார்ஜ் ஏற்ற வழி செய்ய வேண்டும். அதற்கான மின் இணைப்பை, இனி புதிதாக மின்பேருந்துகளுக்கு டெண்டர் விடும் முன்பே, போக்குவரத்துக் கழகமும் மின்வாரியமும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.