யாரு சித்தம்?

கஷ்டம் என்று வந்துவிட்டால் எங்க சபையில் ஒரே பேச்சுதான்: "கர்த்தருடைய சித்தம்." புருசன் செத்தாலும் சித்தம், புள்ளைக்கு வேலை கிடைக்கலைன்னாலும் சித்தம். இந்து மாமன் 'தலையெழுத்து' என்கிறான், கிறிஸ்தவ மச்சான் 'சித்தம்' என்கிறான். ரெண்டு பேரும் அதே சேரியில்தான் கிடக்கிறார்கள்.

எங்கம்மா மேலூர்ப் பக்கம் நாத்து நட்டவள். பெரியாத்துத் தண்ணி வாய்க்காலில் வந்தால்தான் எங்க வீட்டில் கஞ்சி. வயக்காரரைப் பாட்டி 'சாமி' என்றுதான் கூப்பிடும். தஞ்சாவூர்ப் பக்கம் 'ஆண்டே' என்பார்களாம். கடவுளும் ஆண்டவர், நிலத்துக்காரனும் ஆண்டே! அம்மா அப்படிக் கூப்பிடமாட்டாள். "எனக்குச் சாமி ஒருத்தர்தான், இவரு வயக்காரரு" என்பாள். கூலி குறைஞ்சா களத்திலேயே நின்று கேட்பாள். கடவுளின் ஆளுகை என்று படித்தவர்கள் பேசுவதை நான் அவளிடம்தான் பார்த்தேன். மேலே ஆளுகிறவர் ஒருத்தர் இருக்கிறார், அதனால் கீழே எவனும் எனக்கு ஆண்டையில்லை என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்குக்கு நாங்கள் கொடுத்த விலை கொஞ்சமில்லை. 1993இல் தம்பி அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டான். கிறிஸ்தவன் என்பதால் அவன் பட்டியல் சாதியில்லை, பிற்படுத்தப்பட்டவன். நிலம் வைத்திருக்கும் சாதிகள் பலவும் அதே பட்டியல்தான். "இந்துன்னு எழுதிரு, வேலை முடிஞ்சதும் கோயிலுக்குப் போ" என்றார்கள் சொந்தக்காரர்கள். அப்படி எழுதினவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வயிறு யாருக்கும் பொது. அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனான்.

வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகர் (அவரை 'அய்யர்' என்றுதான் கூப்பிடுவோம், அது வேற கதை) வழக்கம்போலச் சித்தம் என்றார். அம்மா முக்காட்டை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "அய்யா, கர்த்தர் ஏன் எம்புள்ள மேல இப்படிச் சித்தம் வைக்கணும்? இது கவருமெண்டு போட்ட சட்டம்னுல்ல பெரியவன் சொல்றான்!"

நான்தான் சொல்லியிருந்தேன். 1950 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருதக்கூடாது என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நாங்களும் முஸ்லிம் தலித்துகளும் வெளியேதான். 1989இன் வன்கொடுமைச் சட்டமும் எங்களுக்கு வராது. அடிக்கிறவன் மட்டும் சாதியைப் பார்த்துத்தான் அடிக்கிறான், ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டு அடிப்பதில்லை. மனுசன் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தூக்கித் தேவசித்தத்தில் சேர்ப்பதைப்போல கடவுளுக்கு வேறு அவதூறு உண்டா?

யோபு புத்தகத்தை எங்க பிரசங்கங்களில் ரெண்டாம் அதிகாரத்தோடு மூடிவிடுகிறார்கள். மூணாம் அதிகாரத்தில் அந்த மனுசன் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அப்புறம் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறான். ஆறுதல் சொல்ல வந்த கூட்டாளிகள் எல்லாவற்றுக்கும் நியாயம் கற்பிக்கிறார்கள். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருவது யோபு மேல் அல்ல, அந்தக் கூட்டாளிகள் மேல்!

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று நாங்கள் அறிந்தவர், 2005இல் இறந்துபோனார். நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிடச் சொன்னார். அப்பனா ஆத்தாளா என்று அந்தச் சொல் பிரிப்பதில்லை. ஆண்டையிடம் கையைக் கட்டி நிற்கணும். பெத்தவரிடம் புள்ள மல்லுக்கட்டலாம், சோறும் கேட்கலாம்.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். அம்மாவுக்கு இப்போ முழங்கால் போட முடியவில்லை, கட்டிலில் உட்கார்ந்துதான் ஜெபம். எங்க பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்ததும், மறக்காமல், "1950 ஆகஸ்டு பத்து" என்று தேதியையும் சொல்கிறாள்.