மாஸ்க் பாடம்

ஸ்கூபா பயிற்றுநர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். என்னிடம் கற்றவர்களில் ஒருவருக்குக்கூட தண்ணீருக்கடியில் மாஸ்க்கைக் கழற்றிக் காட்டியதில்லை. பயம்.

மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தை லேசாக உயர்த்தி, மூக்கால் காற்றை விட வேண்டும். தண்ணீர் கீழ்விளிம்பு வழியாக வெளியேறிவிடும். அடுத்த படி, முழுதாகக் கழற்றி மறுபடி மாட்டுவது. வாயில் ரெகுலேட்டர் இருக்கிறது, மூச்சுக்குக் குறைவில்லை. இதெல்லாம் புத்திக்குத் தெரியும், என் மூக்குக்குத் தெரியாது. வெறும் முகத்தில் தண்ணீர் பட்டதும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். கற்ற காலத்தில் கண்ணை இறுக மூடி எப்படியோ ஒப்பேற்றினேன். அதோடு சரி.

இங்கிலாந்தில் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் 1953-இல் தொடங்கியது. இன்று ஊருக்கு ஊர் கிளைகள், அவற்றில் ஒன்று என்னுடையது. வாரத்தில் ஒரு மாலை, நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுத்துப் பாடம் நடக்கும். கற்றுத்தருபவருக்குச் சம்பளம் கிடையாது. அதனால் "நான் வருகிறேன்" என்று கை தூக்குபவனை யாரும் துருவிப் பார்ப்பதில்லை. என்னை "முத்துக்குளிக்கிற ஊர்க்காரர்" என்று வேறு அறிமுகப்படுத்துவார்கள். தூத்துக்குடிதான் என் ஊர். ஆனால் அப்பாவுக்கு மளிகைக் கடை. எங்கள் வீட்டில் யாரும் முத்துக்கோ சங்குக்கோ கடலில் இறங்கியதில்லை. நான் திருத்தவில்லை. கேட்க இனிப்பாக இருந்தது.

உதவிப் பயிற்றுநர் ஆனேன். பிறகு எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு. செய்முறையில் எனக்கு விழுந்தது வேறு பாடம், தேறிவிட்டேன். குளத்தில் மாஸ்க் பாடம் வரும் நாளில் எனக்குச் சளி பிடிக்கும். ஸ்கூபாவில் சளிக்கு மறுபேச்சே கிடையாது. மூக்கும் காதும் அடைத்திருந்தால் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். இதைவிட வசதியான பொய் எந்த விளையாட்டிலும் இருக்காது. வேறு ஆள் இல்லாத மாலைகளில், மாஸ்க்கில் பாதி தண்ணீர் நிரப்பி வெளியேற்றச் சொல்லுவேன். முழுதாகக் கழற்றும் பகுதியைத் தாண்டிவிட்டு, பயிற்சிப் பதிவேட்டில் முடிந்தது என்று கையெழுத்துப் போடுவேன்.

அப்படிக் கையெழுத்து வாங்கிய ஒரு பெண்ணை லெஸ்டர்ஷயரில் உள்ள ஸ்டோனி கோவுக்கு அழைத்துப் போனேன். நீர் நிறைந்த பழைய கிரானைட் குவாரி. வசந்த காலத்தில்கூடத் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழேதான். 6 மீட்டர் ஆழத்தில் யாரோ ஒருவரின் துடுப்புக்கால் பட்டு அந்தப் பெண்ணின் மாஸ்க் நழுவியது. குளிர்ந்த நீர் முகத்தில் அறைய, நான் கை நீட்டுவதற்குள் மேலே பாய்ந்துவிட்டார்.

அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல 1.6 மடங்கு. அங்கே சுவாசித்த 4 லிட்டர் காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 6 லிட்டருக்கு மேல் விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியலாம். அவர் வழிநெடுக அலறிக்கொண்டே போனார். அலறலோடு காற்றும் வெளியேறியதால் பிழைத்தார். நான் கற்றுக்கொடுத்த எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

கரையில் போர்வைக்குள் நடுங்கியபடி அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "நான்தான் பதறிவிட்டேன்" என்றார். "பரவாயில்லை, முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். பொய்க் கையெழுத்துக்குக்கூட ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாம். இந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் சாக்கு இல்லை.

அவர் கிளப்பை விட்டுப் போய்விட்டார். தனக்கு ஸ்கூபா வராது என்று நம்பிக்கொண்டுதான் போயிருப்பார். கிளையின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையெழுத்தில் தேறியவர்களுக்கு மறுபடி பாடம் நடக்கிறது, அந்த வரிசையில் நானும் மாணவன். அந்தப் பெண்ணின் எண் என்னிடம் இருக்கிறது. இன்னும் அழைக்கவில்லை.

நீங்கள் ஸ்கூபா கற்கப் போனால் கூச்சப்படாமல் ஒன்று கேளுங்கள்: "முதலில் நீங்கள் கழற்றிக் காட்டுங்கள்." சளி என்று சொன்னால் வேறு பயிற்றுநரிடம் போய்விடுங்கள்.